வெட்டுப்பட்ட மூலை

பத்மநாபபுரம் கோலப்பன் கையில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தால் உடனே படிக்க உட்கார மாட்டார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு கவிழ்த்துப் போட்டுப் பின்னட்டையைத் தடவுவார். அதற்கப்புறம்தான் தலைப்பு, ஆசிரியர் எல்லாம். தக்கலை படிப்பு வட்டத்தில் இதற்காக அவரைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. ஆனால் கேலி செய்கிற அதே ஆட்கள், தாத்தா காலத்துப் பெட்டியில் ஒரு புத்தகம் அகப்பட்டுவிட்டால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

முப்பத்துநான்கு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். கள்ளப் பத்திரங்களையும், சுரண்டி எழுதிய சர்வே எண்களையும், செத்தவர்கள் வைத்த கைநாட்டுகளையும் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண் அது. ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணை அப்படியே புத்தகங்கள் பக்கம் திருப்பிவிட்டார். "வெட்டோ திருத்தமோ இருந்தா அங்க ஒரு கள்ளன் இருக்கான்" என்பது அவருடைய வாய்ப்பாடு. வேதவாக்கு என்றும் சொல்லலாம்.

அவருடைய வித்தையைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். எழுபதுகளில் சென்னையில் 'மாதமொரு நூல் மன்றம்' என்று ஒன்று நடந்தது. சந்தா கட்டியவர்களுக்கு மாதம் ஒரு நாவல் தபாலில் வரும். பதிப்பகத்தார் அச்சிட்டு விற்று முடித்த நாவலை, அதே அச்சுக்கோர்ப்பில், மட்டமான தாளில், மன்றத்துக்காக மறுபடி அடிப்பார்கள். முகப்புப் பக்கத்தில் 'முதற்பதிப்பு' என்ற வரியைக்கூட மாற்ற மாட்டார்கள், வருடத்தையும் மாற்ற மாட்டார்கள். ஐம்பது வருடத்தில் நல்ல தாளும் மட்டத் தாளும் ஒரே நிறத்தில் பழுத்துப்போன பிறகு எது அசல், எது மன்றத்துப் பதிப்பு என்று சாதாரண ஆளுக்குத் தெரியாது.

கோலப்பனுக்குத் தெரியும். மேலுறையின் உள்மடிப்பில், கீழ் மூலையில், அசல் பதிப்பில் விலை போட்டிருக்கும். மன்றத்துப் பதிப்பில் அதே மூலையில் 'உறுப்பினர்க்கு மட்டும்' என்றிருக்கும். அசல் என்று சொல்லி விற்க நினைக்கிறவர்கள் அந்த மூலையைக் கத்தரித்துவிடுவார்கள். அப்படிக் கத்தரித்திருந்தால் பின்னட்டையின் கீழ் வலது ஓரத்தை விரலால் தடவ வேண்டும். மன்றத்துப் பதிப்பில் அங்கே மிளகு அளவுக்கு ஒரு சிறு குழி இருக்கும், பைண்டிங் பண்ணும் இடத்தில் பிரித்தறிவதற்காகப் போட்டது. அசலில் குழி இருக்காது. தடவிப் பார்க்க ஒரு நொடி போதும்.

அந்த ஒரு நொடியைத்தான் கோலப்பன் செல்வதாஸ் விஷயத்தில் செலவழிக்கவில்லை.

செல்வதாஸ் இரணியல்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், கோலப்பனுக்கு இருபத்தைந்து வருட நண்பர். இருவரும் படிப்பு வட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. செல்வதாஸிடம் ஒரு கதை உண்டு. திருவட்டாறில் பொன்னுமுத்தன் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு நாவல், 'ஏழாம் மடை'. எழுபத்துநான்கு அக்டோபரில் வந்தது. எழுபத்தைந்து பிப்ரவரியில் மூச்சிழுப்பு முற்றி அவர் போய்விட்டார். அந்த இடைப்பட்ட நாலு மாதத்துக்குள், ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இருபத்தொரு வயது செல்வதாஸ் இரணியலிலிருந்து திருவட்டாறுக்கு சைக்கிள் மிதித்துப் போனார். நூலகத்துப் பிரதியை மூன்று தடவை படித்துவிட்டேன் என்று மூச்சு வாங்கச் சொன்னார். பொன்னுமுத்தன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தனக்கு வந்த ஆறு பிரதிகளில் ஒன்றை எடுத்து, 'தம்பி செல்வதாஸுக்கு' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார். இவ்வளவுதான் கதை. செல்வதாஸ் இதை நூறு தடவை சொல்லியிருப்பார், கேட்கிறவர்களும் நூறு தடவை கேட்பார்கள். அவர் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய காரியம் அது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கோலப்பனுக்கு அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். முப்பது வருடமாக 'ஏழாம் மடை' அசலுக்கு அலைந்து, மதுரை, திருநெல்வேலி, திருவனந்தபுரம் நடைபாதைக் கடைகளிலெல்லாம் கால் தேய்ந்து, அவருக்குக் கிடைத்தது எழுபத்தாறில் வந்த மன்றத்துப் பதிப்புதான். ஒருதடவை காட்டும் ஓய் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டார். பாப்போம் ஓய், பாப்போம் என்று செல்வதாஸ் தட்டிக்கழித்துவிடுவார். பொருளை எடுத்தால் தேய்ந்துவிடும் என்கிற பயம் அவருக்கு.

போன ஆண்டு பொன்னுமுத்தனின் நூற்றாண்டு வந்தது. கல்லூரித் தமிழ் விரிவுரையாளர் ஜெபிஷ் விழா ஏற்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் செல்வதாஸின் பிரதி, பக்கத்தில் செல்வதாஸின் பேச்சு என்று அழைப்பிதழுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. விழாவுக்கு முந்தின கூட்டத்தில், பதினைந்து பேர் முன்னிலையில், செல்வதாஸ் துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கோலப்பன் மடியில் வைத்தார்.

"இந்தா பாரும் ஓய். இத்தன வருசமா கேட்டீரே."

புத்தகத்துக்கு வெளியே கெட்டியான பழுப்புத் தாள் போட்டு, பசை தடவி ஒட்டியிருந்தது. கோலப்பன் முன்னட்டையைத் திறந்தார். உள்ளே மடிந்து கிடந்த மேலுறையின் கீழ் மூலை சாய்வாக, சுத்தமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. கோலப்பனின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. வருத்தத்தில் துள்ளவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

"வாத்தியாரே, இந்த மூலைய யாரு வெட்டுனது?"

"எந்த மூலை?" செல்வதாஸ் எட்டிப் பார்த்தார். "அது... எனக்குத் தெரியாதே ஓய்."

"தரும்போதே வெட்டியிருந்ததா?"

"ஓர்மை இல்ல. அம்பது வருசம் ஆச்சுல்லா."

"நான் சொல்லுகேன். இது மன்றத்துப் பதிப்பாக்கும். உறுப்பினர்க்கு மட்டும்னு போட்டிருந்ததை எவனோ வெட்டி எடுத்திருக்கான். இது அடிச்சது எழுபத்தாறுல. பொன்னுமுத்தன் எழுபத்தஞ்சுலயே செத்தாச்சு. செத்தவரு எப்படிவே கையெழுத்துப் போட்டாரு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்வதாஸ் சிரித்தவரையும் பார்த்தார், கோலப்பனையும் பார்த்தார். ஜெபிஷ்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், பின்னட்டையையும் ஒருக்கா பாத்திருங்களேன்."

"தாளை ஒட்டி வச்சிருக்கு. கிழிக்கவா சொல்லுதீரு? மூலையை வெட்டினதே போதும்யா. நான் பாக்காத வெட்டா?"

புத்தகம் துணிப்பைக்குள் திரும்பிப் போனது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னுமுத்தனின் மூக்குக்கண்ணாடியை வைத்தார்கள். வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவஸ்தை கெட்டவன் 'ஆவிக் கையெழுத்து' என்று எழுதி, பத்துப் பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். செல்வதாஸ் விழாவுக்கு வரவில்லை. அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஒரு வார்த்தை சண்டைக்கும் வரவில்லை. மடியில் கனம் இல்லாதவன் என்றால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பானே, வாயைத் திறக்கவில்லையே, அப்போது நான் சொன்னது சரிதான் என்று கோலப்பன் தனக்குத்தானே கணக்குத் தீர்த்துக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து, ஜனவரியில் ஒரு காலையில், செல்வதாஸ் பல் தேய்த்துக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சடைத்து விழுந்து செத்துப்போனார். அடக்க ஆராதனைக்குக் கோலப்பன் போனார். ஆனால் சபைக்குள் நுழையாமல் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டு பஸ் ஏறித் திரும்பினார்.

ஒரு மாதம் சென்று நேசபாய் போன் செய்தாள். செல்வதாஸின் மனைவி. முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபைப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள் என்பதால் ஊரில் எல்லோருக்கும் டீச்சர். மகள் ரெனிஷா பெங்களூருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், வருகிற வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறேன், புத்தகங்களை எதை எங்கே கொடுப்பது என்று பிரித்துத் தரவேண்டும் என்றாள். "உங்களை விட்டா வேற யாருக்கு சாரே தெரியும்?"

கோலப்பன் மதியம் இரணியலில் போய் இறங்கினார். முன்னறையில் ஒரு இரும்பு அலமாரி, மர ஷெல்ப் இரண்டு, நிறையப் புத்தகங்கள். நேசபாய் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினாள். அழுது முடித்த முகம். அழுகைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அது கோபம் என்று கோலப்பனுக்குப் பிறகுதான் விளங்கியது.

"நீங்க அண்ணைக்கு சொன்னது செரிதான் சாரே. நான்தான் உங்கள மனசுக்குள்ள ஏசிட்டுக் கிடந்தேன். அவியதான் பொய் சொல்லியிருக்காவ."

அவள் ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். பள்ளிப் பிள்ளைகள் வைத்துக்கொள்வது போன்ற இருநூறு பக்க நோட்டு. கோலப்பன் திறந்தார். பக்கம் முழுக்க 'பொன்னுமுத்தன்' 'பொன்னுமுத்தன்' என்று கையெழுத்து. அடுத்த பக்கமும் அப்படியே. நோட்டு முழுக்க அப்படியே.

"கட்டிலுக்கு அடியில இருந்தது. கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்காவ. நாப்பத்தாறு வருசம் கூட இருந்தேன். அந்தக் கதையை எனக்க கல்யாணத்து அண்ணைக்கு ராத்திரியே சொன்னாவ. அதுலேருந்து பொய்யாக்கும். வேற என்னென்ன பொய்யோ, நான் யாருட்ட போய்க் கேப்பேன்?"

டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவள் அடுக்களைக்குப் போனாள். கோலப்பன் நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். பத்திரம் பார்த்த கண்ணல்லவா. மை புத்தம் புதியது, இப்போது பிள்ளைகள் எழுதுகிற ஜெல் பேனா மை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு தேதி. முதல் தேதி, கூட்டம் நடந்ததற்கு மறுநாள். தேதிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இன்று வரவில்லை.' அடுத்த பக்கம்: 'பொ வருகிறது, ன்னு வரவில்லை.' அப்புறம் வாரக்கணக்கில் 'வரவில்லை', 'வரவில்லை.' கடைசிப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தது. 'கோலப்பன் பார்த்துச் சொன்னால் தப்பாது. நான்தான் எப்போதோ எழுதிவிட்டு மறந்திருக்கிறேன். திருவட்டாறுக்குப் போனதுகூட நானாகக் கற்பனை செய்ததோ என்னவோ.'

கோலப்பன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார். அந்த மனிதர் கள்ளக் கையெழுத்துப் பழகவில்லை. தன் கைக்கு அந்தக் கையெழுத்து வருமா என்று தன்னையே விசாரணை செய்திருக்கிறார். ஐந்து மாதம், தினமும். வரவில்லை என்று கை சொல்லியும் அதை நம்பவில்லை, கோலப்பனை நம்பியிருக்கிறார். சண்டைக்கு வராததன் காரணம் இதுதான். இவர்தான் கள்ளன் என்று கோலப்பன் நினைத்துக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் அவர் கோலப்பன் பக்கம் நின்று தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

உட்கார முடியாமல் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது. ஒரு புத்தகத்தை உருவித் திறந்தார். மேலுறையின் கீழ் மூலை வெட்டப்பட்டிருந்தது. அடுத்ததை எடுத்தார். அதிலும் வெட்டு. அகராதி, சமையல் புத்தகம், பிரசங்கத் தொகுப்பு, ஹோமியோபதி, எதை எடுத்தாலும் அதே மூலை, அதே சாய்வு. செல்வதாஸ் ஓய்வு பெற்றபோது கோலப்பனே வாங்கிக் கொடுத்த கட்டுரைத் தொகுதி ஒன்று இருந்தது. அதைத் திறக்கத் துணிவில்லாமல் திறந்தார். அதிலும் மூலை இல்லை.

'ஏழாம் மடை' இரும்பு அலமாரியின் மேல்தட்டில் அதே துணிப்பைக்குள் இருந்தது. பழுப்புத் தாளை நகத்தால் கீறி, கிழித்து, உள்ளே இருந்த மேலுறையையும் விலக்கினார். பின்னட்டையின் கீழ் வலது ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். வழவழவென்று இருந்தது. திரும்பத் திரும்பத் தடவினார். குழி இல்லை. முப்பது வருடம் தேடிய அசல் கையில் இருந்தது. அதைக் கையிலிருந்து எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.

நேசபாய் டீயோடு வந்தாள். கிழிந்த தாளைப் பார்த்தாள்.

"டீச்சர்," என்றார் கோலப்பன். "இது அசலாக்கும்."

"என்னது?"

"எழுபத்துநாலுல வந்தது. கையெழுத்து பொன்னுமுத்தன் போட்டதுதான். வாத்தியாரு சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய்யில்ல. இந்த நோட்டு பழகினதில்ல டீச்சர். எனக்க பேச்சை நம்பி, தனக்கு அந்தக் கையெழுத்து வருமான்னு போட்டுப் பாத்திருக்காரு. வரல்லன்னு அடியில எழுதியிருக்கு, பாருங்க."

டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அப்புறம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்தது. அவளுடைய நாற்பத்தாறு வருடமும் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்தவர் தான் என்ற எண்ணம் கோலப்பனுக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மனிதன் அப்படித்தான்.

அழுகை ஓய்ந்ததும் அவள் தலை நிமிர்ந்து கேட்டாள். "பின்ன நீங்க ஏன் சாரே அப்படிச் சொன்னிய?"

"மூலை வெட்டியிருந்தது. விலை போட்டிருக்கிற மூலை. கள்ளத்தனம் பண்ணுகவங்கதான் அதை வெட்டுவாங்க. அதை வச்சு..."

நேசபாயின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அது நான் வெட்டுனது," என்றாள். "ஓய்வுநாள் பள்ளிப் பரிசுப் புக்குல விலை இருக்கப்பிடாது சாரே. ஒண்ணுக்கு நாலு ரூவா, இன்னொண்ணுக்கு ரெண்டு ரூவான்னு இருந்தா பிள்ளியளு அடிச்சுக்கிடும். அதனால எல்லாத்துலயும் வெட்டிருவேன். வீட்டுல உள்ளதையும் விடமாட்டேன். பரிசுக்குப் புக்கு பத்தல்லன்னா இஞ்சேருந்து எடுத்துக் குடுக்கணும்லா. கல்யாணம் ஆன புதுசுல இந்த அலமாரி முழுக்க உக்காந்து வெட்டுனேன். அவிய பாத்துச் சிரிச்சாவ, பின்ன மறந்திருப்பாவ."

வெளியே ரயில் ஒன்று ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிப் போனது.

"மூலை இருந்திருந்தா நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டிய, இல்லியா?"

இங்கேதான் கோலப்பன் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூலை இல்லாவிட்டாலும் பின்னட்டையைத் தடவினால் தெரிந்திருக்கும் டீச்சர், ஜெபிஷ் பார்க்கச் சொன்னார், நான் பார்க்கவில்லை, பார்க்காததற்குத் தாள் காரணமில்லை, அது அசலாக இருந்துவிடக்கூடாது என்று எனக்கு இருந்தது. இத்தனையும் தொண்டை வரை வந்தது. எதிரே அந்தப் பெண் தன் கையை ஒரு அந்நியப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு வாக்கியம் சொன்னால் அந்தக் கையை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"சொல்லியிருக்க மாட்டேன்," என்றார் கோலப்பன்.

அது உண்மைதான். அவர் தன் வாழ்நாளில் சொன்ன ஆகப் பெரிய பொய்யும் அதுதான்.

"அப்ப நானாக்கும்," என்றாள் நேசபாய். "எனக்க கையாலதான்." அதற்கு மேல் அவள் அழவில்லை. எழுந்து, ஆறிப்போன டீயைச் சூடாக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

"வட்டத்துல இதைச் சொல்லணும் சாரே. அவிய பொய் சொல்லல்லன்னு நாலு பேருக்குத் தெரியணும். நான்தான் அறியாம வெட்டிப்போட்டேன்னும் சேத்துச் சொல்லிருங்க. உங்கள ஒருத்தரும் குத்தம் சொல்லப்பிடாது, பாத்துக்கிடுங்க."

"சொல்லுகேன் டீச்சர்."

அடுத்த கூட்டத்தில் கோலப்பன் அவள் சொன்னபடியே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாவம் அந்தம்மா, நல்லது நினைத்துச் செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஜெபிஷ் தலை குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தான் கேட்டதை அவர் மறந்திருக்கலாம், மறக்காமலும் இருந்திருக்கலாம். சொன்ன சொல்லைச் சபையில் திருத்திக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும், கோலப்பன் சார் நேர்மை யாருக்கு வரும் என்று நன்றியுரை சொன்னவர் கேட்டார். பதினைந்து பேரும் கைதட்டினார்கள். கோலப்பன் கும்பிட்டு உட்கார்ந்தார்.